பொட்டில்லாத மூன்றாம் பெட்டி

அத்தியாயம் 6

மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களைப் பற்றிச் சிவசக்திக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. தபாலகத்தில் பதினெட்டு வருடம் முத்திரை குத்திவிட்டு, பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் அவர் துப்பறியும் நிலையம் திறந்து ஆறு வருடமாகிறது. அந்த ஆறு வருடத்தில் மேசைக்கு வந்த மொட்டைக் கடிதங்கள் அத்தனையும் யாராவது ஒருவரைக் கெடுக்க எழுதப்பட்டவை. ஒருவரைக் காப்பாற்றச் சொல்லி வந்தது இதுதான் முதல் தடவை.

"இன்னொருக்கா படிங்க அக்கா" என்றான் றொபின்சன். பழைய மாருதி கார் அப்புத்தளை ஏற்றத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஓட்டுநர், உதவியாளர், காரியாலயம் கூட்டுபவர் என்று மூன்று உத்தியோகமும் அவனுக்கே.

சிவசக்தி படித்தார். "பெல்மோரா தோட்டத்து ஸ்டோருல டிரையர் பாக்கிற ஜெயலெட்சுமி அக்கா மேல பொய்க் குத்தம். திங்கக்கெழமை மூணு மணிக்கு விசாரணை. அவங்க தொடல. பெட்டியப் பாருங்க. கும்பிட்டுக் கேக்கிறேன்."

"பேர் இல்ல. விலாசம் இல்ல. கவரை ஒட்டக் கோந்துகூட இல்ல, கறுப்பு டேப்பு. பேர் போடாம உதவி செய்றவன் ஒண்ணு ஞானியா இருக்கணும், இல்ல பயந்தவனா இருக்கணும்" என்றான் றொபின்சன்.

"பயந்தவனா இருந்தா நமக்கு வேலை சுலபம்."

"எப்படி?"

"பயந்தவங்க முக்கால்வாசிப் பேருக்கு மனச்சாட்சி நல்லா வேலை செய்யும். ரோட்டைப் பாரு."

ரோட்டைப் பார்க்க வழியில்லை. பனிமூட்டம் கண்ணாடியில் வந்து அப்பிக்கொண்டிருந்தது. சிவசக்தி கடித உறையை மடித்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தார். கடிதத்தைவிட உறைதான் அதிகம் பேசும் என்பது அவருடைய தபாலகப் பாடம்.

*

பெல்மோரா தோட்டத்தின் முகாமையாளர் நஸீர் நல்ல மனிதர். தொழிலாளர்கள் அவரைப் பெரியதொரை என்பார்கள்; தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்பார்கள். அவருக்கு இருந்த ஒரே பலவீனம், காகிதத்தில் இருப்பது உலகத்திலும் இருக்கும் என்று நம்பியது. அவர் தலைக்கு மேலே பொன்னிறச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்கியது: "இயந்திரப் பதிவேட்டுப் பராமரிப்பில் முதலிடம்."

"விசாரணைக்கு ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டிட்டு வர ஜெயலெட்சுமிக்கு உரிமை இருக்கு, மிஸ். நீங்க டெலிபோன்ல பேசினதுக்கப்புறம் உங்களைத்தான் சொல்லியிருக்கா. ஆனா வீண் அலைச்சல். வியாழக்கிழமை காலையில அஞ்சு நாப்பத்திரெண்டுக்கு மூணாம் டிரையர்ல சூடு இருநூத்திப் பத்துல இருந்து இருநூத்தி அறுபதுக்குப் போயிருக்கு. அறுநூறு கிலோ தூள் கருகிப் போச்சு. மாத்தினது யார்னு கொம்பியூட்டரே எழுதி வச்சிருக்கு. நம்பர் பதினேழு. அது ஜெயலெட்சுமி."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"கரண்ட் போயிட்டு வந்திச்சாம். அவ தொடவே இல்லையாம். கரண்ட் போனா என்ன? ஒண்ணாம், ரெண்டாம் டிரையருக்கும்தானே போச்சு? அதுகள் அப்படியே இருநூத்திப் பத்துல நிண்டிச்சே! அவளாத் தொடாம மூணாவது மட்டும் எப்படி ஏறும்?"

நியாயமான கேள்வி. அதனால்தான் சிவசக்தி அதைக் கவனமாக மனதில் குறித்துக்கொண்டார்.

முகாமையாளருக்கு அருகில் கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர் கனத்த புத்தகமொன்றை மடியில் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தார். ஷெல்டன். தலைமைக் காரியாலயம் அனுப்பிய கன்ஃபிகரேஷன் ஆபிசர். அந்த உத்தியோகத்தின் பொருள் என்னவென்று தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாததால், அவருக்கு மரியாதை கூடுதலாகவே கிடைத்தது.

"எந்த மெஷின்ல எந்தப் பெட்டி, அதுக்குள்ள எந்த மென்பொருள், எத்தனையாவது வெர்ஷன், எப்ப மாத்தினது, யார் அனுமதி குடுத்தது, எல்லாம் இதுல இருக்கு" என்றார் ஷெல்டன். "மூணு டிரையருக்கும் வெர்ஷன் நாலு புள்ளி ரெண்டு. ஒரு ஸ்க்ரூ மாறினாலும் இதுல வரும், மேடம்."

"தம்பி, எங்க மாருதிக்கும் அதுல ஒரு பக்கம் ஒதுக்குங்க" என்றான் றொபின்சன். "எது சொந்தச் சாமான், எது இரவல் சாமான்னு எனக்கே மறந்து போச்சு."

சிவசக்தி பக்கங்களைப் புரட்டினார். சனவரி 12: இந்த ஸ்டோரிலும், ஹல்துமுல்லை ஓக்வேல் ஸ்டோரிலும், கம்பனியின் மற்றத் தோட்டங்களிலும் எல்லாப் பெட்டிகளுக்கும் 4.2 ஏற்றப்பட்டது. அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி: "பரிசோதிக்கப்பட்டது, 4.2." ஒரே பேனா. ஒரே சாய்வு. பத்து மாதத்தில் ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தம் இல்லை.

"அழகா இருக்கு" என்றார் சிவசக்தி.

ஷெல்டன் முகம் மலர்ந்தது. வெளியே வந்ததும் றொபின்சன் கேட்டான்: "நெசமாவே அழகா இருக்கா அக்கா?"

"தபாலகத்தில அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேட்டைப் பாத்தாத்தான் எங்களுக்குப் பயம் வரும். உண்மையா வேலை நடக்கிற இடத்தில ஒரு நாளாவது கை தவறும். நடக்காத வேலைக்குத்தான் தப்பே வராது."

*

கொழுந்து வாடி, அரைபட்டு, நிறம் மாறி, கடைசியில் டிரையருக்குள் வெந்து காய்ந்துதான் தேயிலைத் தூளாகிறது. ஸ்டோரின் டிரையர் கூடத்தில் மூன்று டிரையர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுவரில் ஓர் இரும்பு அலுமாரி. அலுமாரிக்குள்ளே, சோற்றுப் பெட்டியளவில் சின்னத் திரை வைத்த ஒரு பெட்டி. டிரையரின் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அதுதான். முதல் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவதின் சுவிட்ச்சை அணைத்து, விசாரணை முடியும்வரை தொடக்கூடாதென்று காகித முத்திரை ஒட்டியிருந்தார்கள்.

ஜெயலெட்சுமி வாசலிலேயே நின்றார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதால் உள்ளே வரத் தயங்கினார். நாற்பத்தேழு வயது. கணவர் இல்லை. மகளுக்கு இன்னும் இரண்டு கிழமையில் உயர்தரப் பரீட்சை.

"கரண்ட்டு போச்சுங்க. ரெண்டு நிமிஷத்துல வந்துச்சு. கொஞ்ச நேரத்துல கருகல் வாடை. ஓடிப்போய் நிறுத்தினேன். அதுக்கு முன்னால பெட்டியத் தொடவே இல்லீங்க." முந்தானையை முறுக்கினார். "வேல போனா தோட்டம் குடுத்த லயத்துக் காம்பராவும் போயிரும். புள்ள எங்க உக்காந்து படிக்கும்? ஆனா என் நம்பர் விழுந்திருக்கேங்க. கொம்பியூட்டர் பொய் சொல்லுமா?"

"சொல்லிக் குடுத்தா சொல்லும். உள்ள வாங்க ஜெயலெட்சுமி. உங்க டிரையரை உங்களை மாதிரித் தெரிஞ்சவங்க யாரு?"

கூடத்தின் நடுவே ஏணியில் நின்று ஒருவர் பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். தோட்டத்து வயர்மேன் விஜேந்திரன்.

"அண்ணே" என்று றொபின்சன் கீழிருந்து கூப்பிட்டான், "நீங்க கழட்டின பல்பு நல்லாத்தானே எரிஞ்சிச்சு?"

"பழசு" என்றார் விஜேந்திரன், திரும்பாமல்.

சிவசக்தி முதல் அலுமாரியைத் திறந்தார். பெட்டியின் நெற்றியில் காய்ந்த சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். இரண்டாவது அலுமாரி: அதே பொட்டு. கையால் கும்பிட்டுக்கொண்டார். ஐந்து கிழமைக்கு முன் ஆயுத பூசை. அன்றைக்கு ஸ்டோரில் பொட்டு வாங்காத இயந்திரம் இருக்காது.

மூன்றாவது அலுமாரி. கதவில் பொட்டு இருந்தது. உள்ளே பெட்டியில் இல்லை.

"ஜெயலெட்சுமி, ஆயுத பூசைக்கு இந்தப் பெட்டிகளுக்குப் பொட்டு வச்சது யாரு?"

"நாந்தாங்க. மூணுக்கும் வச்சேன். இதை விடுவேனுங்களா? வருஷம் பூராக் கஞ்சி ஊத்துற மெஷினு."

"அப்ப இதோட பொட்டு எங்க?"

அவர் எட்டிப் பார்த்தார். "நானும் பாத்தேங்க. ஈரத்துல உதுந்திருக்கும்னு நெனச்சேன்."

"மத்த ரெண்டும் உதிரல. இது உதிரக் காரணமில்ல. துடைச்சிருந்தாலும் சந்தனம் மஞ்சளாக் கறை விடும். பொட்டு அழியல, றொபின்சன். பெட்டிதான் மாறியிருக்கு. ஆயுத பூசைக்கு அப்புறம்."

"புத்தகத்தில ஸ்க்ரூ மாறினாலும் வருமே!"

"வரல. இப்ப இது எங்க இருந்து வந்திச்சுன்னு தெரியணும்."

றொபின்சன் கைபேசி வெளிச்சத்தை அலுமாரிக்குள் அடித்துக் குனிந்தான். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே விரல் விட்டு எதையோ தொட்டான். அவன் குரலில் இருந்த கேலி காணாமல் போனது.

"அக்கா. இங்க ஒரு சிலுவை இருக்கு. குருத்தோலையில மடிச்சது."

குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் மந்திரித்துக் கொடுக்கும் ஓலையைச் சிலுவையாக மடித்து வீட்டில் வைப்பது வழக்கம். றொபின்சன் வீட்டு நிலையிலும் ஒன்று உண்டு. இது பெட்டியின் பின்பக்கப் பிடியில் நூலால் கட்டப்பட்டிருந்தது. பெட்டியோடு வந்து, பெட்டியோடு இருந்தது.

"மூணு கிழமையா இருக்குங்க" என்றார் ஜெயலெட்சுமி. "தூசி தட்டுறப்ப பாத்தேன். யாரோ வேதக்காரங்க வேண்டிக்கிட்டுக் கட்டுனது. எடுத்துப் போட மனசு வரல. அப்படியே விட்டுட்டேன்."

"இந்தக் கம்பனியில டிரையர் பாக்கிற வேதக்காரங்க யாரு?"

"எங்க ஸ்டோருல யாருமில்லீங்க. ஹல்துமுல்லை ஓக்வேல்ல இருதயம்மான்னு ஒருத்தங்க இருக்காங்கன்னு கேள்வி. நான் பாத்ததில்ல."

மேலே ஏணி ஆடியது. பல்பு ஒன்று கீழே விழுந்து உடைந்தது.

"அதுவும் பழசாண்ணே?" என்றான் றொபின்சன்.

*

ஹல்துமுல்லைக்குப் போகும் இறக்கத்தில் மாருதிக்கு உயிர் வந்துவிட்டது. ஓக்வேல் ஸ்டோரில் இருதயம்மா மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டசம்பலும் பொட்டலத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் யாரென்று கேட்குமுன் ரொட்டியைப் பிய்த்து இருவர் கையிலும் வைத்தார். மூன்றாவது கேள்வியின்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது, முகம் வாடிவிட்டது.

அவருடைய அலுமாரியைச் சிவசக்தி திறந்தார். பெட்டி பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. நெற்றியில், ஓரம்கூடச் சிதையாமல், சந்தனப் பொட்டும் குங்குமமும்.

"ஒங்களுக்கு இது எதுக்கு அம்மா?" என்றான் றொபின்சன்.

"எனக்கு இல்ல தம்பி. யாரோ கும்பிட்டு வச்சது. தெனமும் தொடைப்பேன், பொட்டச் சுத்தித்தான் தொடைப்பேன். அவங்க நம்பிக்கைய நான் எதுக்கு அழிக்கணும்?"

சிவசக்தி குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தார். ஆயிரம் பக்கப் பதிவேடு தவறவிட்டதை, ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு பெண்கள் ஈரத்துணியும் கையுமாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். கடவுள் தமது சாட்சிகளை எங்கெங்கே நிறுத்துகிறார் என்று அவருக்குத் தோன்றியது.

"பழைய பெட்டி என்ன பண்ணிச்சு?"

"அதுவா? கரண்ட்டு போய் வந்தாப் போதும், சூடு தன்னால ஏறிரும். ரெண்டு தரம் தூள் கருகிருச்சு. ரெண்டு தரமும் நாந்தான் கூட்டினேன்னு கொம்பியூட்டர் சொல்லிருச்சு. கடைசி எச்சரிக்கைன்னு கடிதம் குடுத்தாங்க. பெட்டியில கோளாறு, சரி பண்ணிக் குடுங்கன்னு தலைமைக் காரியாலயத்துக்கு எழுதிக் கேட்டோம். பதிலும் வந்திச்சு."

செபப் புத்தகத்துக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்தார். றொபின்சன் வாசித்தான்: "பதிவேட்டின்படி தங்கள் பெட்டியில் 4.2 ஏற்கனவே உள்ளது. 4.2இல் இந்தக் கோளாறு நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, இல்லாத கோளாறைத் திருத்த இயலாது என்பதை அறியத் தருகிறோம்." தாளைத் திருப்பிப் பார்த்தான். "அக்கா, செத்தவன் உயிரோட இருக்கான்னு சான்றிதழ் குடுத்துட்டு, எழுந்து நடக்கச் சொல்றாங்க."

"இருதயம்மா, சனவரி பன்னிரண்டாந் திகதி இந்தப் பெட்டிக்குப் புது வெர்ஷன் போட யாராவது வந்தாங்களா?"

"சனவரி பன்னெண்டா? அன்னைக்குத்தானே மண்சரிவு. ஸ்டோர் ரோடு ஒம்பது நாள் மூடிக் கெடந்திச்சு. காக்கா மட்டுந்தான் வந்திச்சு."

"பெட்டியை மாத்திக் குடுத்தது யாரு?"

இருதயம்மா ரொட்டிப் பொட்டலத்தை மெதுவாக மூடினார். "அத மட்டும் கேக்காதீங்க. நல்ல மனுசன். நான் அழுததப் பாத்துட்டுச் செஞ்சாரு. மேல அந்தப் பொம்பளைக்கு இப்படி ஆகும்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." கண்ணைத் துடைத்தார். "பழைய பெட்டிய நாங்களே எடுத்துக்கிறோம்னு சொல்லுங்க. நான் சமாளிச்சுக்கிறேன். அவங்க வேலையக் காப்பாத்துங்க."

காரில் ஏறியதும் றொபின்சன் கேட்டான்: "ஆள் யாருன்னு சொல்ல மாட்டேன்னுட்டாங்களே. விசாரணையில பெட்டியை மாத்தினது யார்னு கேட்டா என்ன சொல்றது?"

"கேக்கட்டும்" என்றார் சிவசக்தி. கைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

*

மூன்று மணி. விசாரணையை டிரையர் கூடத்திலேயே வைக்கவேண்டும் என்று சிவசக்தி கேட்டதற்குப் பெரியதொரை முகம் சுளித்தார். ஆனாலும் நாற்காலிகள் வந்தன. ஷெல்டன் பதிவேட்டோடு உட்கார்ந்தார். ஜெயலெட்சுமி மூன்றாம் டிரையரிலிருந்து பத்தடி தள்ளிக் கைகட்டி நின்றார். சுவிட்ச் போட விஜேந்திரனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"தொரை, இந்தப் பெட்டி உயிர் பெறும்போது தன் வெர்ஷனைத் திரையில காட்டுமாமே?" என்று கேட்டார் சிவசக்தி.

"மூணு செக்கன்" என்றார் ஷெல்டன். அவர் குரல் சற்று இறங்கியிருந்தது.

"மூணு செக்கன் போதும். முத்திரையைக் கிழிச்சுட்டுப் போடச் சொல்லுங்க."

விஜேந்திரன் சுவிட்ச்சைப் போட்டார். திரை விழித்தது. எல்லோரும் குனிந்தார்கள். 3.1.

"பதிவேட்டில் 4.2 எண்டுதானே இருக்கு" என்றார் பெரியதொரை. திரையைத்தான் அவர் சந்தேகித்தார்.

"பதிவேடு இருக்கட்டும், சூட்டைப் பாருங்க."

இருநூற்று அறுபது. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: சூடு மாற்றப்பட்டது, நம்பர் 17.

எல்லோரும் ஜெயலெட்சுமியைப் பார்த்தார்கள். அவர் கட்டிய கை கட்டியபடியே, பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நீளமான கைதான்" என்றான் றொபின்சன்.

"பழைய பதிவா இருக்கும்" என்று பெரியதொரை இழுத்தார். "நேரம் பிழையா..."

"அப்ப சந்தேகமே வேணாம். உங்க நம்பரைப் போட்டு, நீங்களே இருநூத்திப் பத்தில வையுங்க."

பெரியதொரை பெருமையோடு நம்பர் 1ஐ அழுத்தினார். சூட்டை 210இல் வைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றார். சிவசக்தி தலையசைக்க, விஜேந்திரன் சுவிட்ச்சை அணைத்தார்; பத்து எண்ணிவிட்டுப் போட்டார்.

3.1. பிறகு 260. பிறகு அந்த வரி: சூடு மாற்றப்பட்டது, நம்பர் 1.

பெரியதொரை இன்னொரு தடவை குனிந்து அந்த வரியைப் படித்தார்.

"தொரை" என்றான் றொபின்சன் மிகுந்த பணிவோடு, "ஒங்களுக்கும் ஒரு விசாரணை வைக்கணுமா? துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வர ஒங்களுக்கும் உரிமை இருக்கு."

பெரியதொரைக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, நல்ல மனிதராதலால், வெட்கம் வந்தது. 'கொம்பியூட்டரே எழுதி வச்சிருக்கு' என்று தாம் சொன்னதும், தம் நம்பரே அதே திரையில் நிற்பதும் அவருக்கு விளங்கியது.

"பழைய வெர்ஷன்ல ரெண்டு கோளாறு" என்றார் சிவசக்தி. "கரண்ட் போய் வந்தா வச்ச சூட்டை மறந்துட்டு, பெட்டியைச் செஞ்சவன் வச்சுவிட்ட இருநூத்தி அறுபதுக்குப் போயிரும். தானாப் போனதாச் சொல்லாது; கடைசியாத் தொட்டவங்க தலையில கட்டிரும். மத்த ரெண்டு பெட்டியிலயும் புது வெர்ஷன். அதுதான் அசையல. இந்தப் பெட்டி ஓக்வேல் ஸ்டோர்ல இருந்து வந்தது. இங்க இருந்த பெட்டி, ஜெயலெட்சுமி வச்ச பொட்டோட, அங்க இருக்கு. நான் கண்ணால பாத்துட்டு வாறேன்."

"ஓக்வேலுக்கும் 4.2 போட்டாச்சே! ஷெல்டன்?"

ஷெல்டன் பதிவேட்டை மூடினார். "ரோடு மூடியிருந்திச்சு சேர். அடுத்த கிழமை போய்ப் போட்டுக்கலாம்னு... அன்னைக்கே டிக் போட்டுட்டேன்."

"எத்தனை அடுத்த கிழமை?"

"நாப்பத்தி மூணு" என்று றொபின்சன் விரல் மடித்துச் சொன்னான்.

"மாசா மாசம் பாத்ததா எழுதியிருக்கு?"

"போன மாசத்துல இருந்ததைப் பாத்து எழுதினேன், சேர்." அவருடைய காது சிவந்துவிட்டது. பொய் சொல்லவேண்டும் என்று அவர் எழுதியதில்லை. நாளைக்குச் செய்யப்போவதை இன்றைக்குச் செய்ததாக எழுதினார். பெரும்பாலான பொய்கள் அப்படித்தான் பிறக்கின்றன.

பெரியதொரை எழுந்தார். "சரி. ஆனா என்ட ஸ்டோர்ல, என்ட அனுமதி இல்லாம, பெட்டியை மாத்தினது யார்?"

றொபின்சன் சிவசக்தியைப் பார்த்தான். இதுதான் கதாநாயகி விரல் நீட்டும் இடம். அவர் நீட்டவில்லை. கைப்பையைத் திறந்து அந்தக் கடித உறையை எடுத்து, கறுப்பு டேப் மேலே தெரியும்படி மேசையில் வைத்தார். பிறகு சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். யாரையும் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

ஒரு நிமிடம் போனது. வயர்மேன்கள் கம்பி சுற்றும் டேப் அது என்று றொபின்சனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாந்தாங்க தொரை." சுவிட்ச்சுக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. விஜேந்திரன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "புதன்கிழமை தோறும் ஓக்வேல்ல எனக்கு முறை. அந்த அக்காவுக்குக் கடைசிக் கடிதம் குடுத்துட்டாங்க. எழுதிக் கேட்டோம், கோளாறே இல்லன்னு பதில் வந்திச்சு. நம்ம ஸ்டோருல பெட்டிகளுக்குப் பின்னால பெட்டரி இருக்கு. கரண்ட்டு போனாலும் பெட்டி அணையாது. அப்ப அந்தப் பெட்டி இங்க இருந்தா யாருக்கும் கெடுதல் வராதுன்னு கணக்குப் போட்டேன். அங்கயும் தூள் தப்பிக்கும், இங்கயும் தப்பிக்கும்."

"பெட்டரி புதுசுதானே?" என்றார் பெரியதொரை.

"பதிவேட்டுல புதுசுங்க. மூணு கிழமையாக் கரண்ட்டு போகல; வியாழக்கிழமை போனப்பத்தான் தெரிஞ்சிச்சு, சுவத்துல பழசுதான் இருக்குன்னு."

ஷெல்டன் கண்களை மூடிக்கொண்டார்.

"அப்ப எங்களுக்கு எழுதினது..." என்றான் றொபின்சன்.

"நாந்தான். என் வாயால சொல்லப் பயம். வேல போயிரும். யாராச்சும் கண்டுபுடிச்சிட்டா ஜெயலெட்சுமி அக்கா தப்பிச்சுக்கும்னு நெனச்சேன். மூணு கிழமை கழிச்சு நீங்க வந்து ரெண்டு மணித்தியாலத்துல கண்டுபுடிச்சிருவீங்கன்னு நெனைக்கல."

"குத்தவாளியே காசு கட்டாத கட்சிக்காரனா வந்தது நமக்கு இதுதான் மொத தடவை" என்று றொபின்சன் முணுமுணுத்தான். சிவசக்தி அவன் காலை மிதித்தார்.

ஜெயலெட்சுமி இவ்வளவு நேரம் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். அவருக்கு மட்டும்தான் இந்தக் கூடத்தில் கோபப்பட முழு உரிமை இருந்தது. விஜேந்திரனுக்கு முன்னால் போய் நின்றார்.

"மூணு நாளாப் புள்ள சாப்பிடல விஜேந்திரா."

அவர் தலை குனிந்தார்.

"அந்த இருதயம்மா வேல தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது அக்கா."

"சரி" என்றார் ஜெயலெட்சுமி. மன்னிப்பு என்ற சொல்லைத் தோட்டத்தில் அதிகம் பாவிப்பதில்லை. "ராத்திரி வீட்டுக்கு வந்து புள்ளகிட்ட நீயே சொல்லு. எங்கூட மொகம் குடுத்துப் பேச மாட்டேங்குது."

*

பெரியதொரை அன்றே மூன்று தாளில் கையெழுத்திட்டார். ஜெயலெட்சுமி மேலிருந்த குற்றச்சாட்டு தள்ளுபடி. இருதயம்மாவின் கடைசி எச்சரிக்கையைத் திரும்பப் பெறும்படி ஓக்வேலுக்குக் கடிதம். விஜேந்திரனுக்கு எச்சரிக்கை: இனிமேல் பெட்டி மாற்றினால் எழுதி வைக்கவேண்டும். "இரக்கப்படக் கூடாதெண்டு எழுதல்ல" என்று அதை நீட்டும்போது சொன்னார். "இரக்கப்பட்டா ஒரு வரி எழுதி வையும்."

ஷெல்டன் மடிக்கணினியைக் கொண்டுவந்து பெட்டியில் கம்பி சொருகினார். 4.2 ஏறத் தொடங்கியது. பத்து மாதம் தள்ளிப்போட்ட வேலை பதினான்கு நிமிடத்தில் முடிந்தது. அவர் அதை நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே அவருக்குப் போதுமான தண்டனையாக இருந்தது. நாளையிலிருந்து கம்பனியின் எல்லாத் தோட்டங்களுக்கும் நேரில் போய், ஒவ்வொரு பெட்டியையும் அணைத்துப் போட்டு, மூன்று செக்கன் குனிந்து பார்த்து எழுதவேண்டும் என்பது பெரியதொரையின் உத்தரவு.

"மேடம்" என்று தயங்கினார், "இத எப்படி எழுதுறது?"

"பாத்ததை எழுதுங்க தம்பி. வேறென்ன?"

ஷெல்டன் பேனாவை எடுத்தார். அந்தப் பக்கத்தில் இருந்த 4.2ஐக் குறுக்காக ஒரு கோடு போட்டு அடித்தார். பத்து மாதத்தில் முதல் அடித்தல்.

"இப்பத்தான் இது பதிவேடு மாதிரி இருக்கு" என்றார் சிவசக்தி.

ஜெயலெட்சுமி எங்கிருந்தோ ஒரு சிரட்டையில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார். பெட்டியின் நெற்றியில் கையை நீட்டியவர், பின்னால் தெரிந்த ஓலையைப் பார்த்து நிறுத்தினார். "இது அந்தம்மாவோடது. திருப்பிக் குடுத்தனுப்பணுமா?"

"ஒங்க பொட்டு அங்க இருக்கு, அவங்க சிலுவை இங்க இருக்கு" என்றான் றொபின்சன். "ரெண்டும் சேந்துதான் ஒங்க வேலையக் காப்பாத்திச்சு. எதுக்குப் பிரிக்கிறீங்க?"

அவர் ஓலையில் படாமல், முன்பக்கம் ஒரு பொட்டு வைத்தார். ஷெல்டன் எட்டிப் பார்த்தார். பிறகு, குறிப்பு என்று தலைப்பிட்டு இதுவரை ஒருவரும் தொட்டிராத அந்தக் கடைசிக் கட்டத்தில், நிதானமாக எழுதினார்:

"மூன்றாம் பெட்டி. ஓக்வேலிலிருந்து வந்தது. 3.1 இருந்தது, இன்று 4.2 ஏற்றப்பட்டது. நேரில் பார்த்தேன். முன்னால் சந்தனப் பொட்டு ஒன்று. பின்னால் குருத்தோலைச் சிலுவை ஒன்று."

பேனாவை மூடியவர், திரும்பத் திறந்து இரண்டு சொல் சேர்த்தார்:

"அகற்ற வேண்டாம்."